உடற்கூறாய்வுக் கருவிகளை ஏன் கிருமி நீக்க வேண்டும்?

பிணவறைப் பயிற்சியில், "இறந்தவருக்கு என்ன தொற்றிவிடப் போகிறது, கத்தியைத் தண்ணீரில் அலசினால் போதும்" என்று மூத்த ஊழியர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைக் கேட்டு நடக்காதீர்கள்.

ஆபத்து உங்களுக்குத்தான். 1847இல் வியன்னாவில் தடயவியல் மருத்துவப் பேராசிரியர் கோலெட்ச்கா, உடற்கூறாய்வின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலில் பட்டு, அந்தச் சிறு காயத்தில் ஏற்பட்ட தொற்றாலேயே இறந்தார். கையுறை இருந்தாலும் கத்தி கிழித்துவிடும். காசநோய்க் கிருமியும் ஹெபடைட்டிஸ் பி வைரஸும் உயிர் பிரிந்தவுடன் மடிந்துவிடுவதில்லை.

அடுத்தது, எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது: சான்று. முந்தைய உடலின் பாக்டீரியா கத்தியில் ஒட்டியிருந்து, கிருமி வளர்ப்புச் சோதனைக்கு எடுக்கும் திசுவில் கலந்தால், இறப்பின் காரணமே தவறாகப் பதிவாகலாம். ஒரு குடும்பம் அந்த அறிக்கையை நம்பிக் காத்திருக்கிறது. டிஎன்ஏ மாதிரிக்கோ ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) மட்டும் போதாது. அது கிருமியைக் கொல்லும், டிஎன்ஏவை முழுதாக அழிக்காது. அதற்குப் புதிய, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கத்தியையே எடுங்கள்.

மற்றக் கருவிகளை முதலில் சோப்புநீரில் தேய்த்துக் கழுவுங்கள். ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தால் நீராவி அதன் அடியில் எட்டாது. பிறகு ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடம். இறந்தவருக்குப் பிரியான் நோய் (உருமாறிய புரதத்தால் வரும் மூளை நோய்) இருந்ததாகச் சந்தேகம் வந்தால் இந்த அளவு போதாது. திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவமும் பிரியானை அழிக்காது. பொறுப்பு மருத்துவரைக் கேட்காமல் அந்தக் கருவிகளைத் தொடாதீர்கள்.