ரன்வே முடிந்த பிறகும் ஏ-10 ஏன் ஏற மறுக்கிறது?

கேள்வி: கம்ப்யூட்டரில் விமான சிமுலேட்டர் ஓட்டிப் பழகுகிறேன். ஏ-10 தாக்குதல் விமானம் 16,000 பவுண்டு ஆயுதம் சுமக்கும் என்று படித்தேன். டேங்க் நிறைய எரிபொருளும் பைலன்கள் (இறக்கையிலும் வயிற்றிலும் ஆயுதம் தொங்கவிடும் தாங்கிகள்) நிறைய ஆயுதமுமாக, ஆப்கானிஸ்தானின் பாக்ராம் தளத்தில் நடுப்பகலில் கிளம்பினேன். ரன்வேயின் கடைசி முனையில்தான் சக்கரம் தரையை விடுகிறது. எழுந்த பிறகும் மேலே ஏறாமல் மலையை நோக்கித் தவழ்கிறது. தவறு சிமுலேட்டரிலா, என்னிடமா?

பதில்: சிமுலேட்டர் சரியாகத்தான் வேலை செய்கிறது. நீங்கள் ஏற்றிய பாரம்தான் அதிகம். ஒரு காகிதத்தை எடுத்துக் கூட்டிப் பாருங்கள்.

ஏ-10இன் வெற்று எடை சுமார் 11,300 கிலோ. உள் டேங்குகள் நிறைந்தால் சுமார் 5,000 கிலோ. நீங்கள் சொல்லும் 16,000 பவுண்டு என்பது 7,250 கிலோ. மொத்தம் 23,550. அந்த விமானம் அதிகபட்சம் 23,000 கிலோவோடுதான் கிளம்பலாம். இதில் மூக்கிலிருக்கும் 30 மி.மீ. பீரங்கியின் தோட்டாக்களை இன்னும் சேர்க்கவே இல்லை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 700 கிராம். 1,174 தோட்டா என்றால் 800 கிலோவுக்கு மேல். விமானியையும் சேர்த்தால் வரம்பைக் கிட்டத்தட்ட ஒன்றரை டன் தாண்டிவிட்டீர்கள். பட்டியலில் போட்டிருக்கும் எண்கள் தனித்தனியே சரியானவை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் ஏற்றலாம் என்று யாரும் சொல்லவில்லை. எரிபொருள் கூடினால் குண்டைக் குறைக்க வேண்டும், குண்டு கூடினால் எரிபொருளைக் குறைக்க வேண்டும்.

எடை கூடினால் அடி இரண்டு பக்கமும் விழும். எழும்ப அதிக வேகம் தேவைப்படும். அதே எஞ்சினால் அந்த வேகத்தை எட்ட அதிக நேரமும் ஆகும். அதனால் 10 சதவீதம் எடை கூடினால் ஓடுதூரம் சுமார் 21 சதவீதம் நீள்கிறது. ஏ-10க்கு ஆஃப்டர்பர்னர் (எஞ்சினின் பின்பகுதியில் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டும் அமைப்பு) கிடையாது. இரண்டு எஞ்சின்களும் சேர்ந்து கடல்மட்டத்தில் தரும் உந்துவிசை சுமார் 8,200 கிலோதான். முழு எடையில் பார்த்தால் அது எடையில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும்.

அடுத்தது காற்று. பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். பாக்ராம் ஏறத்தாழ 1,490 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 35 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 78 சதவீதம்தான். விமானத்தைப் பொறுத்தவரை அது 2,500 மீட்டர் உயரத்தில் நிற்பதற்குச் சமம். இறக்கைக்குத் தூக்குவிசை குறைகிறது, எஞ்சினுக்கும் மூச்சு வாங்குகிறது. எடையை மாற்றாமலே ஓடுதூரம் சுமார் 60 சதவீதம் கூடிவிடும். தரையை விட்ட பிறகும் ஏறாமல் தவழ்வதற்குக் காரணம் இதுவே. போதாததற்கு, பைலன்களில் தொங்கும் குண்டுகள் காற்றைத் தடுத்து வேகத்தைத் தின்கின்றன.

எதிர்க்காற்று எவ்வளவு பெரிய உதவி என்பதற்கு 1982 மே 2 போதும். ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினாவின் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஸ்கைஹாக் விமானங்கள் விடியலில் பிரிட்டிஷ் கப்பல்களைத் தாக்கத் தயாராகின. காற்று ஓயாத தென் அட்லாண்டிக்கில் அன்று பார்த்துக் காற்று விழுந்துவிட்டது. கப்பலின் ஓட்டமும், விமானத்தைத் தளத்திலிருந்து உந்தித் தள்ளும் கேட்டபுல்ட் கருவியின் தள்ளலும் சேர்ந்தும், குண்டும் எரிபொருளும் நிறைந்த விமானத்துக்கு வேண்டிய வேகம் கிடைக்கவில்லை. தாக்குதல் கைவிடப்பட்டது. உங்கள் கணக்குக்கு வருவோம்: 130 நாட் (மணிக்குச் சுமார் 240 கி.மீ.) வேகத்தில் எழும் விமானத்துக்கு 15 நாட் எதிர்க்காற்று கிடைத்தால் ஓடுதூரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். பின்னாலிருந்து 10 நாட் அடித்தால் 16 சதவீதம் கூடும். ரன்வேயின் எந்த முனையிலிருந்து ஓடுகிறீர்கள் என்பதைக் கிளம்பும் முன் கட்டாயம் பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: ஆறு 500 பவுண்டு குண்டு, இரண்டு மேவரிக் ஏவுகணை, தேவையான பாட்கள் (வெளியே தொங்கும் கருவிப் பெட்டிகள்), எரிபொருள் நான்கு டன், தோட்டா முழுக்க. மொத்தம் 19 டன்னுக்குள் அடங்கும். ஓடுதூரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். அதிக நேரம் வானில் நிற்க வேண்டுமானால், எழுந்த பிறகு டேங்கர் விமானத்திடம் நிரப்பிக்கொள்ளுங்கள்; அதற்கான வாய் ஏ-10இன் மூக்கிலேயே இருக்கிறது. ஃபிளாப்பை (தூக்குவிசையைக் கூட்ட இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் மடல்) 7 டிகிரியில் வையுங்கள். சீக்கிரம் எழும் என்று நினைத்து 20க்கு இறக்காதீர்கள், இழுவை கூடிவிடும். முடிந்தால் காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும் விடியற்காலையில் கிளம்புங்கள்.

எந்த வேகம் வரை பிரேக் போட்டு ரன்வேக்குள் நிற்க முடியும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள். அதைத் தாண்டிய பிறகு ஒரு எஞ்சின் நின்றால், கனமான ஏ-10ஐ மற்றொரு எஞ்சின் மட்டும் மேலே ஏற்றாது. அப்போது அவசர ஜெட்டிசன் பொத்தானை அழுத்தி, தொங்குவதை எல்லாம் உடனே கழற்றிவிட வேண்டும். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அடுத்த முறை எஞ்சினைக் கிளப்பும் முன்பே கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.