சமூக ஊடகத்தில் விதி மீறும் பதிவுகளை ரிப்போர்ட் செய்ய ஆட்களுக்குக் காசு கொடுப்பது சரியா? பொறுப்பாகச் செய்ய வழி உண்டா? சாதி வெறுப்புப் பதிவுகளைப் பிடிக்க ஆன்லைனில் ஆள் எடுத்து, ஒரு ரிப்போர்ட்டுக்கு இத்தனை ரூபாய் என்று கொடுக்க எங்கள் அமைப்பு நினைக்கிறது.

காசு கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் சாதி வெறுப்புப் பதிவுகளைப் பிடிக்க "ஒரு ரிப்போர்ட்டுக்கு இத்தனை ரூபாய்" என்று ஆன்லைனில் ஆள் எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்களே, அதைச் செய்யாதீர்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருப்பவருக்கு, கழித்துப் போடும் பீஸுக்கு மட்டும்தான் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலத்துக்குள் நல்ல பனியன் ஒன்றுகூட மிஞ்சாது. இங்கேயும் அதுதான் நடக்கும். ஆகவே பதிவைப் படித்து முடிவு சொல்வதற்குத்தான் கூலி கொடுக்க வேண்டும். "இதில் மீறல் எதுவும் இல்லை" என்று சொன்னாலும் அதே கூலி.

பதிவுகளை வகை பிரிக்கும் லேபிளிங் வேலையில் நான் சில வருடம் இருந்திருக்கிறேன். எண்ணிக்கைக்குச் சம்பளம் என்று வந்துவிட்டால், சந்தேகமான பதிவில் நின்று யோசிப்பவருக்குத்தான் நஷ்டம். மேலோட்டமாகப் பார்த்து அமுக்கிக்கொண்டே போகிறவர் நன்றாகச் சம்பாதிப்பார். அதனால் மணிக்கணக்கில் கொடுங்கள்.

சாதி விஷயத்தில் இது இன்னும் சிக்கல். ஒருவருக்கு இன்பாக்ஸில் வசவு வருகிறது. "எனக்கு என்ன எழுதியிருக்கிறான் பாருங்கள்" என்று அவர் ஸ்கிரீன்ஷாட் போடுகிறார். அந்தக் கெட்ட வார்த்தை அவர் பதிவிலும் இருக்கிறது. அவசரத்தில் பார்ப்பவர் திட்டு வாங்கியவரின் கணக்கையே ரிப்போர்ட் செய்துவிடுவார். இன்னொரு பக்கம், வசவே இல்லாமல் ஒரு ஊர்ப் பெயர், ஒரு கொடியின் நிறம், ஒரு அடைமொழி மட்டும் வைத்து மிரட்டுகிற பதிவுகள் வெளியூர்க்காரர் கண்ணில் படவே படாது. ஆகவே ஒரு பதிவை மூன்று பேர் தனித்தனியாகப் பார்க்கட்டும், ஒருவர் பதில் மற்றவருக்குத் தெரியக் கூடாது. எந்த விதி, எந்த வரியில் மீறப்பட்டது என்று ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். மூவரும் ஒத்துப்போகாவிட்டால் அந்த வட்டாரப் பேச்சு தெரிந்த ஒருவர் முடிவு செய்யட்டும். விடை முன்பே தெரிந்த பதிவுகளையும் நடுநடுவே கலந்து விடுங்கள், மேலே சொன்ன ஸ்கிரீன்ஷாட் வகை அதில் கட்டாயம் இருக்கட்டும். கண்மூடித்தனமாக அமுக்குபவர் யார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

ரிப்போர்ட் பட்டனை அவர்கள் அமுக்க வேண்டாம். உங்கள் அமைப்பின் கணக்கிலிருந்து, ஒரு பதிவுக்கு ஒரே ஒரு தடவை போதும். ஐம்பது பேரை வைத்து ஐம்பது கணக்கிலிருந்து அடித்தால், நம்மூர் ரசிகர் சண்டையில் "ரிப்போர்ட் அடிச்சு ஐடியைத் தூக்குற" கூட்டத்துக்கும் உங்களுக்கும் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. எத்தனை பேர் புகார் செய்தார்கள் என்பதை வைத்துப் பதிவை நீக்குவதில்லை என்று ஃபேஸ்புக்கே சொல்கிறது. அரசை விமர்சிப்பவர்களைக் கூட்டமாக ரிப்போர்ட் செய்து முடக்கப் பார்த்த ஒரு வியட்நாம் வலையமைப்பை 2021 டிசம்பரில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா நீக்கியது.

கூட்டத்தைவிட விளக்கம்தான் முக்கியம். 2018 மார்ச்சில் இலங்கையில் முஸ்லிம்களுக்கு எதிரான திகன கலவரம் நடந்த சமயம், சிங்களத்தில் இருந்த வெளிப்படையான வன்முறைப் பதிவுகளைப் புகார் செய்தும் "எங்கள் விதியை மீறவில்லை" என்று பதில் வந்ததை அங்குள்ள சிவில் அமைப்புகள் பகிரங்கமாக எழுதின. ஃபேஸ்புக் வருத்தம் தெரிவித்தது 2020இல். தமிழிலும் அந்த நிலை வரலாம் என்று எண்ணியே வேலை செய்யுங்கள். உங்கள் ஆட்கள் எழுதிய அந்த ஒரு வாக்கிய விளக்கங்களைச் சேர்த்து, அந்தச் சமூக ஊடக நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அப்படி ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அவர் பதில் திருப்தி இல்லையென்றால் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது.

குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசத்தை மட்டும் யாரையும் தேட விடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி படி அதைத் தேடுவதே குற்றம், "புகார் செய்யத்தான் தேடினேன்" என்று சொல்லித் தப்பிக்கலாம் என நம்ப வேண்டாம். தற்செயலாகக் கண்ணில் பட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல், வாட்ஸப் குழுவில் போடாமல், தேசிய சைபர் க்ரைம் போர்ட்டலில் நேராகப் புகார் செய்துவிட வேண்டும். பெயர் சொல்லாமலும் செய்யலாம்.

மனநலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். தினமும் கொடூரங்களைப் பார்த்து மனம் பாதிக்கப்பட்டதாக அமெரிக்காவில் மாடரேட்டர்கள் (ஃபேஸ்புக் பதிவுகளைப் பார்த்து நீக்கும் வேலை செய்பவர்கள்) போட்ட வழக்கில் 5.2 கோடி டாலர் தர 2020இல் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. உங்கள் வேலையில் அதற்கு மேல் ஒன்று இருக்கிறது. அந்த வசவைப் படிக்கப் போகிறவரே அந்தச் சாதிக்காரராக இருக்கலாம். என்ன மாதிரிப் பதிவுகள் வரும் என்று சேரும் முன்பே மறைக்காமல் சொல்லுங்கள். "இதை நான் பார்க்கவில்லை" என்று தள்ளிவிட ஒரு பட்டன் இருக்கட்டும், தள்ளியதற்குக் கூலியைப் பிடிக்காதீர்கள், காரணமும் கேட்காதீர்கள்.

இப்படிச் செய்தால் ஒரு பதிவுக்கு ஆகும் செலவு நீங்கள் போட்ட கணக்கைவிடப் பல மடங்கு வரும். பணம் பத்தாது என்றால் கூலியில் கை வைக்க வேண்டாம், பதிவுகளைக் குறையுங்கள். முதலில் ஒரே ஒரு மாவட்டம், அதிலும் ஆணவக் கொலைச் செய்திகளுக்குக் கீழே வரும் கமெண்டுகள் மட்டும் என்று எடுத்தாலே கைகொள்ளாத வேலை இருக்கும்.