தாத்தா காலத்துப் புதுமை

கேள்வி: எங்கள் ஆங்கிலத் திருப்பலிப் பாடகர் குழுவின் அலமாரியில் 1970-களில் வெளியான, ஜாஸ் பாணியில் அமைந்த ஒரு திருப்பலி இசைத்தாள் கிடைத்தது. எனக்குப் பாட ஆசை. இளையவர்களோ 'தாத்தா காலத்துப் புதுமை' என்று சிரிக்கிறார்கள். பாடலாமா?

பதில்: உங்கள் இளையவர்கள் பொல்லாதவர்கள்! ஆனாலும் அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

1903-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் கோவிலுக்குள் பியானோவையும் டிரம்மையும் வாசிக்கக் கூடாது என்றார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலகக் கத்தோலிக்க ஆயர்களின் மாநாடு) கிரகோரியன் இசைக்கு, அதாவது பழைய லத்தீன் வழிபாட்டுப் பாடல் முறைக்கு, முதலிடம் கொடுத்தபடியே மற்ற இசைக்கருவிகளுக்கும் கதவைத் திறந்தது. திறந்ததும் ஒரே தள்ளுமுள்ளு. அவசரத்தில் எழுதியவற்றில் பெரும்பாலானவை அந்தக் காலத்து டிரம் அடியோடு ஒட்டிக்கொண்டு பிறந்தவை. அடியை எடுத்துவிட்டால் மெட்டு நிற்காது. அவைதான் கிழடு தட்டிவிட்டன.

மேரி லூ வில்லியம்ஸ் விஷயம் வேறு. 1957-இல் கத்தோலிக்கராகத் திருமுழுக்குப் பெற்ற அந்த ஜாஸ் பியானோ கலைஞரின் திருப்பலி இசை, 1975-இல் நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில் ஒலித்தது. இன்றும் கேட்கலாம், அலுக்காது. ஜாஸுக்கு வேரான ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசை அவருக்குத் தாய்மொழி. இளைஞர்களை இழுப்பதற்காக மாட்டிக்கொண்ட சட்டை அல்ல.

ஆனால் கேட்க நன்றாக இருப்பதும் சபையார் பாட வருவதும் ஒன்றல்ல. 'தூயவர்' பாடலை அரை அடி முன்னால் எடுக்கும்படி எழுதியிருக்கிறது என்று வையுங்கள். குழு சரியாக எடுத்துவிடும். சபையார் அடி விழும்வரை காத்திருந்து, அதன்மேல் நேராக இறங்குவார்கள். மூன்றாவது வரிக்குள் கோவிலில் இரண்டு பாட்டு ஓடும். நாலு வாரம் கழித்து இரண்டில் ஒன்று நடக்கும்: சபையார் அந்த மெட்டை இஸ்திரி போட்டு நேராக்கியிருப்பார்கள், இல்லையென்றால் வாயை மூடியிருப்பார்கள். (முதலாவது நடந்தால் சந்தோஷப்படுங்கள்.)

அதனால் ஒரு சோதனை. டிரம், பேஸ் எதுவும் வேண்டாம். ஒரு குரல், ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். மெட்டு நிற்கிறதா? அப்படியானால் ஏழாம், ஒன்பதாம் சுரம் சேர்த்த அந்த ஜாஸ் 'கார்டு'களை (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) அப்படியே விடுங்கள். அவை யாரையும் தொந்தரவு செய்யாது. தாளத்தை முன்னும் பின்னும் இழுக்கிற வரிகளைத் தனிக்குரலுக்குக் கொடுத்துவிட்டு, சபையாருக்கு நேரான வரியை வையுங்கள். அச்சில் உள்ளதை மாற்றுவதற்கு உரிமைதாரரிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

அப்புறம், நீங்கள் யோசிக்காத சிக்கல் ஒன்று உண்டு. 2011-இல் ஆங்கிலத் திருப்பலி வாசகமே மாறியது. உங்கள் தாளின் 'தூயவர்' பாடலில் 'காட் ஆஃப் பவர் அண்ட் மைட்' என்று இருக்கும். இப்போது 'லார்ட் காட் ஆஃப் ஹோஸ்ட்ஸ்'. 'உன்னதங்களிலே' பாடல் இன்னும் அதிகமாக மாறிவிட்டது. பழைய வாசகத்தைத் திருப்பலியில் பாட முடியாது. 'ஆண்டவரே இரக்கமாயிரும்', 'செம்மறியே' பாடல்கள் இரண்டும் மாறவில்லை. இரக்கமாயிருமிலிருந்தே தொடங்குங்கள். சிரித்த பையன்களில் யாராவது டிரம் வாசிப்பவனாக இருந்தால், குச்சியை வைத்துவிட்டு, டிரம்மை மென்மையாக வாசிக்கும் பிரஷ் எடுத்து வரச் சொல்லுங்கள்.