பரணில் கிடக்கும் டப்பாக்கள்

அன்புள்ள ஐயா,

மேற்கு ஆப்பிரிக்க நாடான கினி-பிசாவின் விடுதலைப் போராளிகள் எடுத்த படச்சுருள்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஒரு தரப்புக்காகப் போரிடுபவரே கேமராவையும் பிடித்தால் அது பிரச்சாரம்தானே, ஆவணப்படம் எப்படி ஆகும்? இன்றோ எல்லாமே செல்போனில் பதிவாகிவிடுகின்றன, எதுவும் அழியப்போவதில்லை. என் தாத்தா எடுத்த 8 எம்.எம். படச்சுருள் டப்பாக்கள்கூட எங்கள் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கின்றன.

க.

அன்புள்ள க.,

பிரச்சாரம்தான், அதனால் என்ன? அந்த நாட்டை அடக்கி ஆண்ட போர்ச்சுகல் அரசின் செய்திப்படங்களைப் பார்க்கும்போதும் இதே சந்தேகம் உங்களுக்கு வந்திருக்குமா?

1967-ல் விடுதலை இயக்கத்தின் தலைவர் அமில்கார் கப்ரால், சானா நா ஹாடா, ஃப்ளோரா கோம்ஸ் உள்ளிட்ட நான்கு இளையவர்களைச் சினிமா கற்றுவரக் கியூபாவுக்கு அனுப்பினார். அவர்கள் திரும்பி வந்து காட்டுக்குள் படமெடுத்தார்கள். 1973 செப்டம்பர் 24 அன்று மதீனா தோ போயேவில் நடந்த சுதந்திரப் பிரகடனத்தையும் பதிவு செய்தார்கள். அதைக் காணக் கப்ரால் இல்லை. அந்த ஜனவரியிலேயே பக்கத்து நாடான கினியின் தலைநகர் கொனாக்ரியில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

பிலிமைக் கழுவ நாட்டுக்குள் லேப் கிடையாது. எடுத்தவர்களே பார்க்காத சுருள்கள் பல, வெக்கையிலும் ஈரக்காற்றிலும் வருடக்கணக்கில் கிடந்தன. 1998-ல் மூண்ட உள்நாட்டுப் போர் மேலும் பலவற்றைத் தின்றது. எஞ்சியவை 2012-ல் பெர்லினில் டிஜிட்டலாக்கப்பட்டபோது, சிலவற்றில் படம் இருந்தது, ஒலி இல்லை. சிலவற்றில் ஒலி மட்டும். நாட்டையே மீட்டவர்களுக்கு டப்பாக்களைக் காப்பாற்ற முடியவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. உங்கள் பிரச்சாரக் கேள்வி அல்ல.

அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பிலிம் கெடும்போது புளித்த காடி நாற்றம் வரும். எனக்கு அந்த நாற்றம் தெரியும். என் மாமா 16 எம்.எம். கேமராவில் எடுத்த எங்கள் ஊர்க் கோயில் கொடை, தகரக் கூரைக்குக் கீழே என் பொறுப்பில் பதினெட்டு வருடம் இருந்தது. மூடியைத் திறந்ததும் கண் எரிந்தது. சுருள் அப்பளம்போல் நெளிந்து, அடுக்கோடு அடுக்காக ஒட்டிக்கிடந்தது. முறத்தைத் தட்டிக்கொண்டே ஆச்சி கேமராவைப் பார்த்துச் சிரித்த அந்தச் சில விநாடிகளைத் தவிர, அவள் அசையும் படம் வேறெங்கும் இல்லை. நான்தான் அழித்தேன்.

ஆகவே, எதுவும் அழியாது என்று என்னிடம் சொல்லாதீர்கள். போன வருடம் தொலைத்த செல்போனில் என்னென்ன இருந்தன என்று உங்களால் சொல்ல முடியுமா? 'பத்திரமாக' என்று எழுதியிருக்கிறீர்களே, கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? கெட்ட டப்பாவிலிருந்து கசியும் அமில ஆவி பக்கத்து டப்பாவையும் கெடுக்கும், தம்பி. இந்த ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு ஏறுங்கள். ஒவ்வொன்றாக இறக்கி முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை அடிப்பதை அன்றைக்கே தனியே எடுத்து வையுங்கள். புரொஜெக்டரில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிடாதீர்கள்.