அப்பாவுக்கு ஏஎஃப்பி 38: எஸ்ஜிபிடியையும் பாருங்கள்

வணக்கம் தம்பி. ஹெபடைடிஸ் பி உள்ள அப்பாவுக்கு ஏஎஃப்பி (கல்லீரல் புற்றுநோயில் ஏறக்கூடிய ஒரு ரத்தப் புரதம்) 38 வந்திருக்கிறது, ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை, இது கல்லீரல் புற்றுநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்லவே முடியாது.

அதே ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடி (கல்லீரல் செல்கள் சேதமானால் ரத்தத்தில் ஏறும் என்சைம்) எவ்வளவு என்று பாருங்கள். வைரஸ் தலைதூக்கிக் கல்லீரல் அழற்சியில் இருக்கும்போது செல்கள் புதிதாக வளரும், கூடவே ஏஎஃப்பியும் ஏறும். என் மாமாவுக்கு இப்படித்தான் 60-ஐத் தாண்டியது. வைரஸுக்கு மாத்திரை தொடங்கி, எஸ்ஜிபிடி இறங்க இறங்க இதுவும் 9-க்கு வந்துவிட்டது. எஸ்ஜிபிடி சரியாக இருந்தும் ஏஎஃப்பி ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனால் சும்மா இருக்காதீர்கள்.

அப்புறம், நார்மல் என்று வந்தாலும் அசந்துவிடக் கூடாது. இந்தப் புற்றுநோய் உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு ஏஎஃப்பி உயர்வதே இல்லை. அதனால்தான் 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

சந்தேகம் தீரவில்லை என்றால் கல்லீரல் டாக்டரிடம் ட்ரைஃபேசிக் சிடி (மருந்து ஏற்றி மூன்று கட்டங்களாக எடுக்கும் ஸ்கேன்) பற்றிக் கேளுங்கள். ஊசியில் ஏற்றும் மருந்தால் புற்றுக்கட்டி முதலில் பளிச்சென்று தெரியும், பிறகு சுற்றியுள்ள கல்லீரலைவிட மங்கிவிடும். இந்தப் புற்றுநோய்க்கான இன்னொரு ரத்தப் பரிசோதனையான பிவ்கா டெஸ்ட் எழுதினால், அப்பா வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை) சாப்பிடுகிறாரா என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரையே எண்ணை ஏற்றிவிடும்.