சுருதிப் பெட்டியோடு மைல்ஸ் டேவிஸ்

கே: கர்நாடக இசை கேட்டுப் பழகிய காது எனக்கு. அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இசைத்தட்டைக் கேட்டேன். இதமாக இருக்கிறது, ஆனால் எதைக் கவனிப்பது என்று பிடிபடவில்லை. (வாசகி, திருச்சி)

ப: முதல் உருப்படியான ‘சோ வாட்’ ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சுருதிப் பெட்டியை இரண்டு கட்டையில் வையுங்கள். பியானோவும் பாஸும் (கீழ் ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியம்) சும்மா உலாவுகிற முன்னுரை அரை நிமிடம் போகும். பிறகு பாஸ் ஒரு கேள்வி போடும். மற்றவர்கள் இரண்டே ஒலியில் பதில் சொல்வார்கள். அங்கிருந்து நான்கு நான்கு தட்டாகத் தாளம் போட்டு, ஒவ்வொரு நான்கையும் ஒன்று என்று எண்ணுங்கள். 16 நான்கு ஆனதும் எல்லாமே அரைக் கட்டை ஏறும். 8 நான்கு கழித்து இறங்கி, இன்னும் 8. ஆக 32 நான்கு ஒரு சுற்று. கடைசிவரை இந்தக் கணக்கு மாறாது.

ஸ்வரங்கள் கரகரப்பிரியாவின் ஏழும்தான். ஆனால் கமகம் கிடையாது, பிடிகள் கிடையாது. ராகமாகத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். தேட வேண்டியது வேறு. ஒன்றரை நிமிடத்தில் டிரம்ஸ்காரர் ஜிம்மி காபின் சிம்பல் ஓங்கி விழும், டேவிஸ் தொடங்குவார். இரண்டு சுற்று. ஒரு சின்ன சொற்றொடர், பிறகு மௌனம், அந்த மௌனத்துக்குப் பதில்போல இன்னொன்று. அடுத்து ஜான் கோல்ட்ரேனுக்கும் அதே இரண்டு சுற்று: டேவிஸ் காலியாக விட்ட இடத்தையெல்லாம் சாக்ஸபோன் அடைத்துக்கொண்டு பாயும். பிறகு இன்னொரு சாக்ஸபோன்காரர் கேனன்பால் ஆடர்லி, ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை) வாசனையோடு குழைவார். அதற்கு முந்தைய பெபாப் என்ற வேகமான ஜாஸ் வகையில் ஸ்வர அடுக்குகள் நொடிக்கு நொடி மாறும். அந்த மாற்றத்தைத் துரத்துவதே பெரிய வித்தை. இங்கே 16 நான்கு வரை எதுவும் மாறாது. வேகத்துக்குப் பின்னால் ஒளிய முடியாது. பாட்டைக் கட்டியே ஆக வேண்டும். டேவிஸ் அதைக் குறைந்த ஸ்வரங்களில் கட்டுகிறார். அவரை மேதை என்பது அதற்காகத்தான்.

பெட்டியோடு சுருதி சேரவில்லையா? உங்கள் காதில் பிழையில்லை. 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் பதிவானபோது நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடிவிட்டது. சரியான வேகத்தில் திரும்ப ஓட்டியபோது சுருதி ஏறிவிட்டது. முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளிலும் இந்தக் கோளாறு உண்டு. 1990களின் மறுவெளியீடுகளில் திருத்தினார்கள். உங்களிடம் இருப்பது பழைய தட்டு என்றால் பெட்டியை ஒரு மயிரிழை ஏற்றிக்கொள்ளுங்கள்.

கே: டிரம்பெட் பழகுகிறேன். ஹார்மன் மியூட் (டிரம்பெட் வாயில் செருகும் ஒலி அடக்கி) வாங்கியும் டேவிஸின் அந்த மெல்லிய ஒலி வரவில்லை, ‘வா வா’ என்றே கேட்கிறது. (வாசகர், சென்னை)

ப: மியூட்டின் நடுவில் இருக்கும் குழாயை உருவி எடுத்துவிடுங்கள். டேவிஸ் அதில்லாமல்தான் வாசித்தார். சுற்றியுள்ள கார்க் முழுதும் பதிய வேண்டும், காற்று எல்லாம் மியூட்டுக்குள்தான் போக வேண்டும். கார்க்கில் வாயால் ஆவி ஊதி, லேசாகத் திருகிச் செருகினால் கழன்று விழாது. மியூட் போட்டால் சுருதி ஏறும், ஆகவே டியூனிங் ஸ்லைடைச் சற்று வெளியே இழுங்கள். மிக முக்கியம் மைக்: மியூட்டின் வாயை ஒட்டினாற்போல் இருக்கட்டும். தள்ளி வைத்தால் கீழ் ஒலிகள் காணாமல் போய், தகரச் சத்தம்தான் மிஞ்சும். சத்தம் போதவில்லை என்று அழுத்தி ஊதாதீர்கள், ஒலி பிளந்துவிடும்.

கே: லூயி ஆம்ஸ்ட்ராங்கைக் கரகரத்த குரல் பாடகராகத்தான் தெரியும். டிரம்பெட்டில் அப்படி என்ன? (வாசகர், மதுரை)

ப: 1928 ஜூன் 28, சிகாகோவில் பதிவான ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ கேளுங்கள். அப்போது அவருக்கு 26 வயது. பக்கவாத்தியம் எதுவுமில்லாமல் டிரம்பெட் மட்டும் தொடங்கும். பத்துப் பன்னிரண்டு நொடிக்குள் தாளம் இல்லாமலே தாளம் தெரியும். கூட்டாக ஊதுவதே வழக்கமாயிருந்த நியூ ஆர்லியன்ஸ் இசையில், ஒற்றை ஆள் கதை சொல்லலாம் என்று காட்டியவர் அவர். கடைசிச் சுற்றில் மேல் ஸ்வரம் ஒன்றை ஏறத்தாழ பதினாறு தட்டு நேரம் அசையாமல் பிடித்து நிறுத்துவார். தொடையில் தாளம் போட்டபடி எண்ணிப் பாருங்கள்.