முகமூடி கழன்ற பிறகு

கேள்வி: நான் ஒரு திருநம்பி. சூப்பர் ஹீரோ கதைகள் என்றால் உயிர். ஆனால் கடைசிப் பக்கத்தில் முகமூடியைக் கழற்றி, "அட, இவர் பெண்ணா!" என்று எல்லோரும் வாய் பிளக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ரசிக்கத் தெரியாதவனா நான்?

பதில்: இல்லை தம்பி, கூர்ந்து வாசிக்கிறீர்கள். அந்தக் கட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். முகமூடியைக் கழற்றுவது யார் கை? பெரும்பாலும் வில்லனின் கை. பறிக்கப்பட்டது ஒருவருடைய ரகசியம். அதிர்ச்சியோ சுற்றி நிற்பவர்களுக்கு! உங்களுக்கு வலிப்பது அங்கேதான்.

2013இல் வந்த ஒரு 'பேட்கேர்ள்' காமிக்ஸ் இதழில் அலிசியா என்ற பெண், தான் திருநங்கை என்பதைத் தன்னோடு தங்கியிருக்கும் பார்பராவிடம் (இவள்தான் பேட்கேர்ள்) தானே சொல்கிறாள். எதுவும் கிழிபடவில்லை. தோழியிடம் மனம்விட்டுப் பேசுகிறாள், அவ்வளவுதான். வாசகருக்கு அது புதுச் செய்திதான், ஆனாலும் சொல்லும் உரிமை அவள் கையிலேயே இருக்கிறது.

2014இல், மார்வெல் காமிக்ஸின் இடிக்கடவுள் நாயகன் தோரின் சுத்தியலை ஒரு பெண் ஏந்தினாள். பெண் என்பதை ஆரம்பத்திலேயே காட்டிவிட்டார்கள். யார் அவள் என்பதுதான் புதிர். அடுத்த ஆண்டு விடை வந்தது: புற்றுநோயோடு போராடும் ஜேன் ஃபாஸ்டர், தோரின் முன்னாள் காதலி. சுத்தியலைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் சிகிச்சையின் பலன் அழிந்துபோகிறது என்று தெரிந்ததும் நான் முதல் பக்கத்துக்கே திரும்பிப் போனேன். திருப்பம் என்றால் அதைத்தான் சொல்வேன்.

நீங்களே ஒன்று எழுதுங்களேன். நாயகன் திருநம்பி என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, புதிரை வேறெங்காவது வையுங்கள்.